வீட்டிலே காஸ்மாஸ் வளர்ப்போம்

மலர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மல்லிகையும் முல்லையும் தாமரையுமே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொன்னார் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். நான் இங்கு எழுத எடுத்துக்கொண்ட மலர் அந்த வரிசையில் இல்லை, இருக்கவும் முடியாது. அது மெக்சிகோ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தது. மணம் இல்லை, சரமாகத் தொடுத்தால் சீக்கிரம் துவண்டுவிடும். ஆயினும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவும் ஒரு பிடி விதையும் இருந்தால், இரண்டே மாதத்தில் வீட்டை அழகு செய்துவிடும். அதுதான் காஸ்மாஸ்.

நான் தாவரவியல் மாணவன் அல்லன், பொருளியல் படிப்பவன். ஆகவே இதனை ஓர் அறிஞரின் கட்டுரையாகக் கொள்ளாமல், முதல் முறை தோற்று, மறுமுறை வென்ற ஒருவனின் அனுபவமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

பெயரும் பிறப்பும்

'காஸ்மாஸ்' என்பது கிரேக்கச் சொல். ஒழுங்கு, அணி, அண்டம் எனும் பொருள்களைத் தருவது. 1791 ஆம் ஆண்டில் இச்செடிக்கு அப்பெயரை இட்டவர் ஸ்பெயின் நாட்டுத் தாவரவியல் அறிஞர் காவனில்லெஸ் ஆவார். மெக்சிகோவிலிருந்து வந்த விதைகள் மாட்ரிட் நகரத் தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்து பூத்தபோது, அவற்றை ஆராய்ந்து இப்பெயரைச் சூட்டினார்.

இதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தோட்டங்களில் பெரும்பாலும் காண்பவை இரண்டு. ஒன்று, இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூக்கும் 'காஸ்மாஸ் பைபின்னேட்டஸ்'. இதன் இலைகள் சோம்புச் செடியின் இலையைப் போல இழை இழையாக இருக்கும்; குளிர்ந்த தட்பவெப்பமே இதற்கு உகந்தது. மற்றொன்று, மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூக்கும் 'காஸ்மாஸ் சல்ஃபூரியஸ்'. இதுவே நம் சென்னை வெயிலைத் தாங்குவது. நான் வளர்த்ததும் இதுவே. மூன்றாவதாக 'காஸ்மாஸ் காடேட்டஸ்' என்றோர் இனமும் உண்டு. அதன் இளந்தளிரை மலேசியாவில் 'உலாம் ராஜா' என்ற பெயரில் பச்சையாகவே சோற்றுடன் உண்கிறார்கள்.

சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி ஆகியவற்றின் குடும்பமாகிய ஆஸ்டரேசியே காஸ்மாஸின் குடும்பமும் ஆகும். நாம் 'ஒரு பூ' என்று பறிப்பது உண்மையில் ஒரு பூ அன்று. பல சிறு மலர்கள் கூடிய மஞ்சரி. ஓரத்தில் இதழ்போல் விரிந்திருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். இவை பூச்சிகளைக் கவருவதற்கே உள்ளவை, விதை தருவதில்லை. நடுவில் பொட்டுப்போல் திரண்டிருக்கும் வட்டுச் சிறுமலர்களே விதையாகின்றன.

முதல் முயற்சி

2023 ஆம் ஆண்டு ஆடி மாதம். நான் முதலாண்டு சேர்ந்திருந்த சமயம். பேராசிரியர் ஒருவர், பழைய விடைத்தாளின் ஓரத்தைக் கிழித்து மடித்த பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். உள்ளே ஊசி போல் நீண்ட பழுப்பு நிற விதைகள் இருபது இருக்கும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பார்களே என்று அன்று மாலையே விதைத்துவிட்டேன்.

எங்கள் வீடு வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், குறுகிய தெரு ஒன்றில் உள்ளது. வாசற்படியின் ஓரத்தில் டப்பாவை வைத்தேன். நன்றாக வளரவேண்டும் என்ற ஆசையில் பாதி மண்ணும் பாதி எருவுமாக நிரப்பினேன். வேப்பம் புண்ணாக்கும் இட்டேன். தண்ணீர் ஊற்றும்போதுதான் சோதனை வந்தது. என் அம்மா பூ கட்டி விற்பவர். வாழை நாரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"குடிக்கிற தண்ணியே லாரி வந்தாத்தான். இதுல பூவுக்கு ஊத்துறியாடா? அதுவும் முழம் போட்டு விக்க முடியாத பூவுக்கு!"

அம்மா சொன்னதில் தவறில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, நகரமே குடத்துடன் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே நல்ல தண்ணீரைத் தொடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, காசிமேட்டு மீனைக் கழுவிய தண்ணீரை நாள்தோறும் ஊற்றி வந்தேன்.

செடிகள் வளர்ந்தன. என் தோளுயரம் வளர்ந்தன! ஆனால் புரட்டாசி பிறந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. தண்டுகள் தெருப்பக்கமே சாய்ந்து, போவோர் வருவோரின் மேல் இடித்தன.

தாத்தா சொன்ன காரணம்

எதிர்வீட்டுத் தாத்தா, 1996 இல் மூடப்பட்ட பெரம்பூர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். அவர் ஒருநாள் செடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "எருவைக் கொட்டிக் கெடுத்துட்டியே தம்பி. வயிறு நிறைஞ்சவனுக்கு வேலை செய்ய மனசு வருமா?" என்றார்.

பின்னர் நூலகத்தில் படித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. எருவிலும் மீன் கழுவிய நீரிலும் தழைச்சத்து மிகுதி. தழைச்சத்து மிகுந்தால் செடி இலையையும் தண்டையும் பெருக்கிக்கொண்டே போகும்; பூப்பதைத் தள்ளிப்போடும். காஸ்மாஸ் அதன் தாயகத்தில் வளமற்ற நிலத்திலும் சாலையோரங்களிலும் வளர்ந்து பழகியது.

இரண்டாவது காரணம் வெளிச்சம். காஸ்மாஸுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எங்கள் வாசலில் இரண்டு மணி நேரம் விழுந்தால் அதிகம். வெளிச்சத்தைத் தேடியே அது தெருப்பக்கம் சாய்ந்தது.

மூன்றாவது, பகற்பொழுதின் நீளம். காஸ்மாஸ், பகல் குறையும் காலத்தில் விரைந்து பூக்கும் குறும்பகல் தாவரம். சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். டிசம்பரில் ஏறத்தாழ 11½ மணி நேரம். இந்த வேறுபாடு சிறிதே. ஆதலால் இதனைத் துணைக் காரணம் என்றே சொல்லலாம்.

ஐப்பசியை ஒட்டி ஒருவழியாக நான்கைந்து பூக்கள் பூத்தன. அவை காய்ந்தபின் கிடைத்த விதைகளை ஒரு காகித உறையில் இட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்தேன்.

வெள்ளமும் விதையும்

அந்த டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாசலில் இருந்த டப்பா போன இடம் தெரியவில்லை. இருட்டில் அம்மா ரேஷன் அட்டையையும் என் மதிப்பெண் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டுப் பரண்மேல் ஏற்றினார். தண்ணீர் வடிந்தபின் பையைப் பிரித்தேன். சான்றிதழ்களுக்கு நடுவே அந்தக் காகித உறை நனையாமல் இருந்தது.

"இதையும் எடுத்து வெச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"விதையைத் தண்ணியில விடுவாங்களாடா?" என்றார் அம்மா. அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

வளர்க்கும் முறை

2024 பொங்கல் முடிந்த வாரத்தில் மறுபடி விதைத்தேன். இம்முறை நான் கைக்கொண்ட முறையை நண்பர்களுக்குப் பயன்படுமாறு கீழே தருகிறேன்.

இடம்: மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான மொட்டை மாடியில், துணி உலர்த்தும் கொடிக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையை எல்லாரிடமும் கேட்டுப் பெற்றேன்.

தொட்டி: ஓரடி ஆழமுள்ள டப்பா போதும். அடியில் நான்கைந்து துளைகள் இடவேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

மண்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய எரு ஒரு கைப்பிடி. அதற்குமேல் வேண்டா.

விதைப்பு: அரை அங்குலத்துக்கு மிகாத ஆழத்தில் விதைத்து, மண்ணைத் தூவி, பூவாளியால் நனைக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நாட்களில் முளைக்கும். நாற்றுகள் நான்கு இலை விட்டதும், டப்பாவுக்கு இரண்டு மட்டும் வைத்து மற்றவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம்.

தண்ணீர்: முளைக்கும்வரை மண் காயக் கூடாது. பின்னர் விரலால் தொட்டு மேல்மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். அரிசி கழுவிய தண்ணீரே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கிள்ளுதல்: செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் பெருகும். கிளைதோறும் பூ வரும். பிற்பகலில் வீசும் கடற்காற்றுக்கு ஒரு குச்சியை நட்டுக் கட்டிவிடுவது நல்லது.

பூச்சி: அசுவினியும் மாவுப்பூச்சியும் வருவதுண்டு. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

விதை எடுத்தல்: வாடிய பூக்களைக் கிள்ள, புதிய பூக்கள் தொடரும். கடைசியில் சிலவற்றை மட்டும் செடியிலேயே முற்ற விட வேண்டும். விதைகள் பழுத்து நட்சத்திரம் போல் விரிந்ததும் எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைக்கலாம். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இச்செடி தானே விதை தூவிப் பரவும் இயல்புடையது. ஆகவே தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் தூவலாகாது.

மார்ச்சு மாதத்தின் நடுவில் பூத்தது. இடுப்புயரச் செடியில் ஒரே நேரத்தில் இருபது பூக்கள்! தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் எங்கள் மாடியைத் தேடி வந்தன. ஆலையில் சாயத்தைப் பார்த்த கையல்லவா, தாத்தா உதிர்ந்த இதழ்களைப் படிகாரத்துடன் கொதிக்கவைத்து, ஒரு வெள்ளைத் துணியில் செம்மஞ்சள் நிறம் ஏற்றிக் காட்டினார்.

நான் அறிந்தது

எங்கள் பகுதியைப் பற்றிப் பேச வருவோர் சிலர், 'சேற்றில் செந்தாமரை' என்று எங்களைப் புகழ்வதுண்டு. வளமற்ற மண்ணிலும் பூக்கிறது என்று காஸ்மாஸையும் அவ்வாறே புகழத் தோன்றும். ஆனால் வாசலில் வைத்த செடியையும் மாடியில் வைத்த செடியையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எரு குறைந்தாலும் அது பூத்தது. வெயில் குறைந்தபோது பூக்கவில்லை. குறைவாகக் கேட்கிறது என்பதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று கொள்ளலாகாது. அதற்கு வேண்டிய வெளிச்சத்தை நாம்தான் தேடித் தரவேண்டும். எனக்கு அது மூன்று குடும்பத்தார் விட்டுக்கொடுத்த மாடி மூலையில் கிடைத்தது.

அம்மா இன்னும் அதனை 'விக்காத பூ' என்றுதான் சொல்கிறார். ஆனால் காலையில் அரிசி களைந்த பாத்திரத்தை நான் கேட்குமுன் அவரே மாடிக்கு எடுத்துச் செல்கிறார்.

இந்த ஆண்டு எடுத்த விதைகள் நூற்றுக்கும் மேல் என்னிடம் உள்ளன. வேண்டும் நண்பர்கள் மதிய இடைவேளையில் பொருளியல் வகுப்பறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். பொட்டலம் மடிக்கக் காகிதம் மட்டும் கொண்டு வரவும்.