பலாங்கொடைக் கறுப்புக் கல்

ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த சிகரங்களிலும் பெய்யும் மழை மூன்று பெருநதிகளுக்கு நீராகிறது. வடக்கே செல்வது மகாவலி; மேற்கே செல்வது களனி; தெற்கே தேயிலைச் சரிவுகளைக் கடந்து பலாங்கொடைப் பக்கமாக இறங்குவது வளவை. இவ்வாறு இறங்கும் நீர் மலைப் பாறைகளை அரித்துக் கொணர்ந்து படியவிட்ட சரளையிலேதான் நீலமும் புட்பராகமும் கிடைக்கின்றன என்பதை வாசகர் அறிவர். மாணிக்கக் குழிகளில் வேலை செய்வோர் அச்சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றி அரிப்பர். இலேசானவை கழிந்துபோகக் கனமானவை அடியில் தங்கும். அவ்வாறு அடியில் தங்கியும் எவரும் விரும்பாத ஒரு கல் இருந்தது. கறுப்பு நிறம், சிறு கனசதுர வடிவம், இரும்பைவிடக் கனம். மோதிரத்திற்குதவாத அக்கல்லை எறிந்துவிட்டு நீலத்தைத் தேடுவதே வழக்கம்.

1904ஆம் ஆண்டில் இக்கல்லை ஆராய்ச்சிக்கெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கிய கலைஞானியென்றே அவரை நாம் போற்றுகிறோம். ஆயினும், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் தலைவராக இருந்தவர். கறுப்புக் கல்லை யுரேனியக் கனிப்பொருள் என்றே அவர் முதலில் கருதினார். இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் டன்ஸ்டன் என்பார் அதனைப் பகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒக்சைட்டு இருக்கக் கண்டார். யுரேனியமும் உடன் இருந்தது. அதுவரை அறியப்படாத கனிப்பொருளாகையால் அதற்குத் தோரியனைற்று என்று புதுப் பெயரிட்டனர்.

அக்காலத்தில் தோரியத்திற்கு நல்ல விலை இருந்தது. அணுசக்தியை அன்று எவரும் கனவிலும் கருதவில்லை. விலைக்குக் காரணம் விளக்கு. லயத்து முற்றத்தில் காமன் கூத்து நடந்த இரவுகளை நினைவிற் கொண்டவர்கள் பெற்றோமாக்ஸ் விளக்கையும் மறந்திருக்க மாட்டார்கள். அதனுள்ளே பட்டுப் பைபோல் தொங்கி, எரிந்தபின் தொட்டாலே உதிரும் வெண்வலை பெரும்பாலும் தோரியம் ஒக்சைட்டினால் ஆனது. சூடேறியதும் கண் கூசும்படி ஒளிர்ந்தது அப்பொருளே.

கல் விலைக்கு வந்ததும் அதனை வாங்கியவருள் ஒருவர் வில்லியம் ராம்சே. குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியில் இரசாயனப் பேராசிரியர். ஒரு கிராம் கல்லைச் சூடாக்கியபோது ஏறக்குறைய 9 கனசென்ரிமீற்றர் ஹீலியம் வாயு வெளிப்பட்டது. கல்லின் பருமனைப்போல் எண்பது மடங்கு வாயு கல்லுக்குள் எவ்வாறு புகுந்தது? தோரியமும் யுரேனியமும் சிதையுந்தோறும் அல்பாத் துணிக்கைகளை வீசுகின்றன. அத்துணிக்கை ஹீலியத்தின் கருவே என்பதை ரதர்போர்டும் ரொயிட்சும் 1908இல் மெய்ப்பித்தனர். கல்லுக்குள் சிறைப்பட்ட வாயு, அங்கே நிகழ்ந்த சிதைவுகளின் கணக்காகும். தோட்டத்துச் செக்ரோலில் நாளுக்கொரு பேர் பதிவதுபோல் சிதைவுக்கொன்று பதிந்திருக்கிறது. ஓராண்டிற் சேரும் ஹீலியத்தை அளந்து, உள்ளே இருப்பதை அதனால் வகுத்தால் கல்லின் வயது வரும் அல்லவா? ஸ்ட்ரட் என்ற ஆங்கில விஞ்ஞானி 1910இல் அவ்வாறே கணக்கிட்டார். வாயு ஓரளவு கசிந்துவிடுமாதலால் அவர் பெற்றது குறைந்தபட்ச வயதுதான். அதுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயிற்று. நம் மலைநாட்டுப் பாறைகள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இன்றைய உருப் பெற்று ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது இக்கால நிலவியலாளர் கூற்று.

1904 இலையுதிர் காலத்தில் ராம்சேயின் கூடத்திற்கு ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர் வந்து சேர்ந்தார். ஆங்கிலம் பழகினால் தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்பதே அவர் வந்த நோக்கம். கதிரியக்கம் பற்றி ஒன்றும் அறியார். இலங்கைக் கல்லிலிருந்து பிரித்த பேரிய உப்பில் ஏறக்குறைய 100 கிராமை அவரிடம் கொடுத்து, அதில் கலந்திருக்கும் சில மில்லிகிராம் இரேடியத்தைப் பிரித்தெடுக்கும்படி ராம்சே பணித்தார். ஹான் பிரித்துக்கொண்டே போனபோது, இரேடியத்தோடு சேராமல் தனித்து நின்ற பகுதியிலும் கதிர்வீச்சு வலுவாக இருந்தது. கண்ணுக்குப் புலனாகாததும் தராசில் நிற்காததுமான அப்பொருள் யாது என அறிவது எவ்வாறு?

அவருடைய கருவி எளியது. பொன்னிலை மின்காட்டி என்று பாடசாலை மாணவர் அறிந்ததே அது. மின்னேற்றினால் மெல்லிய பொற்றகடு விலகி நிற்கும். கதிர்கள் காற்றைத் தாக்கினால் காற்று மின்னைக் கடத்தும். தகடு மெல்லச் சரியும். சரியும் வேகத்தைச் சிறு நுணுக்குக்காட்டி வழியே பார்த்துக் கடிகாரத்தால் அளந்தால் கதிர்வீச்சின் வலிமை தெரியும். தோரியமும் இரேடியமும் ஒவ்வொரு வாயுவைக் கசியவிடுகின்றன. இரேடியத்தின் வாயு பாதியாகக் குறைய நான்கு நாட்களுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும். தோரியத்தின் வாயுவோ ஒரு நிமிடத்திற்குள் பாதியாகிவிடும். ஹான் தம் பொருளின்மேற் காற்றைச் செலுத்தி, அக்காற்றைக் கருவியில் அடைத்துப் பார்த்தார். நிமிடத்திற்கு நிமிடம் வேகம் பாதிக்குமேல் தளர்ந்தது. ஆகவே அது தோரிய வமிசத்தைச் சேர்ந்தது. ஆனால் தோரியத்தைவிடப் பன்மடங்கு வலியது. இரேடியோதோரியம் என்று அதற்குப் பெயரிட்டு 1905இல் வெளியிட்டார். அமெரிக்க இரசாயனர் போல்ட்வுட் அதனை நம்பாமல் நகைத்து எழுதினாராம். நகைப்பு நீடிக்கவில்லை. ஹானும் தொழிற்சாலை உத்தியோகத்தை மறந்து ரதர்போர்டிடம் மொன்றியலுக்குப் போனார்.

பின்னர் பெர்லினுக்குத் திரும்பிய ஹான், தோரியத்திற்கும் இரேடியோதோரியத்திற்கும் இடையே இன்னொரு பொருள் இருந்தாக வேண்டும் என அளவுகளிலிருந்து ஊகித்து, 1907இல் அதனைக் கண்டார். இதுவே மீசோதோரியம். இங்கேதான் நம் கதை வைத்தியசாலைக்குள் நுழைகின்றது. அக்காலத்தில் புற்றுக் கட்டிகளைக் கரைக்க இரேடியத்தைப் பயன்படுத்தினர். அதன் விலையோ அரசர்க்கும் எட்டாதது. மீசோதோரியத்தை விளக்கு வலைக்காகத் தோரியம் எடுத்தபின் எஞ்சிய கழிவிலிருந்தே பெறலாம். அத்தோரியம் பிறேசில் மணலிலிருந்தும், பின்னர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் வந்தது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் ஜேர்மன் வைத்தியசாலைகளில் எத்தனையோ பெண்களின் கருப்பைப் புற்றுக்கு மீசோதோரியச் சிகிச்சை நடந்தது.

அளவறிந்து வைத்தபோது கட்டியைக் கரைத்த அப்பொருள் அளவறியாதவிடத்து என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இருளில் ஒளிரும் கடிகார எண்களை வரைந்த இளம் பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினர். அப்பூச்சில் இரேடியமும் மீசோதோரியமும் கலந்திருந்தன. தாடையெலும்பு அழிந்தும் எலும்பிற் புற்று முளைத்தும் பலர் மாண்டனர். நோயின் காரணம் வேறெதுவோ என்று முதலாளிகள் வாதாடியபோது, மார்ட்லண்ட் என்ற வைத்தியர் அப்பெண்கள் விட்ட மூச்சுக் காற்றை மின்காட்டியிற் சோதித்தார். கதிரியக்கம் மூச்சிலேயே வந்தது. அதைவிடக் கொடியதாக எனக்குத் தோன்றுவது தோரோட்ராஸ்ட். எக்ஸ்ரே படத்தில் இரத்தக் குழாய்கள் தெளிவாய்த் தெரியவேண்டித் தோரியம் ஒக்சைட்டையே நோயாளியின் இரத்தத்தில் ஏற்றினர். 1930களிலிருந்து 1950கள் வரை இது நடந்தது. படம் அழகாக வந்தது. ஏற்றிய பொருளோ ஈரலிலே தங்கி வெளியேறாமல் அல்பாத் துணிக்கைகளை வீசிக்கொண்டே இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஈரற் புற்றுநோய் வந்தது.

ஆகையால் இன்றைய அணுக்கரு மருத்துவர் முதலிற் கேட்பது, உடம்பினுள் வைக்கும் பொருள் எத்தனை நேரம் தங்கும் என்பதே. ஹானின் இரேடியோதோரியம் இப்போது மீண்டும் தேவைப்படுகிறது. அதன் வழித்தோன்றலான ஈயம்-212, பத்தரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனைப் புற்றுக் கலத்தைத் தேடிச் சென்று பற்றும் மருந்தோடு பிணைத்தால், அதிலிருந்து பிறக்கும் அல்பாத் துணிக்கை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குகூடச் செல்லாமல் அக்கலத்தருகே தன் வலிமை முழுவதையும் செலவிடும். மேலைநாடுகளில் நோயாளிகளிடையே இது பரீட்சிக்கப்பட்டு வருகிறது.

நம் மலையகத்தவர்க்கு அருகிலுள்ளது பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணுக்கரு மருத்துவப் பிரிவு. இத்தகைய பிரிவுகளில் சாதாரணமாகப் பயன்படுவது டெக்னீசியம். புற்று எலும்பிற் பரவியிருக்கின்றதா என்றறிய அதனை ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருக்கச் செய்வர். பின் பெரிய உப்புப் பளிங்குடைய கமரா ஒன்றின்கீழ்ப் படுக்க வைப்பர். உடம்பிலிருந்து வரும் ஒவ்வொரு காமாக் கதிரும் அப்பளிங்கில் ஒரு சிறு மின்னலை உண்டாக்கும். கருவி அவற்றை எண்ணிப் படமாக்கும். ரதர்போர்டின் மாணாக்கர் இருட்டறையிலிருந்து கண்ணால் எண்ணிய மின்னல்களும் இவ்வினத்தவையே.

டெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம் ஆறு மணி நேரம். காலை ஆறு மணிக்கு இருந்ததில் நண்பகலில் பாதி. மாலை ஆறுக்குக் காற்பங்கு. ஒரு மணித் தாமதத்தில் நூற்றுக்குப் பதினொரு பங்கு தானே கழிந்துவிடும். நம் நாட்டில் அணு உலை இல்லாமையால் அதன் மூலப்பொருளும் கடல் கடந்தே வரவேண்டும். வாங்கி அடுக்கி வைக்க இயலாது. மஸ்கெலியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ செல்பவரிடம் இத்தனை மணிக்கு வந்துவிட வேண்டும் என்று தாதியர் அழுத்திச் சொல்வதன் காரணம் இதுவே. கருவுற்றிருப்பவரும் பாலூட்டும் தாய்மாரும் அதனை ஊசிக்கு முன்னரே கூறவேண்டும். ஊசிக்குப் பின் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால், எலும்பில் ஒட்டாத மிச்ச மருந்து விரைவில் வெளியேறிவிடும்.