மனச் சிகிச்சையும் நமது ஜனங்களும்

காய்ச்சல் கண்டால் வைத்தியரை நாட எவரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் ருசியின்றி, எதிலும் மனம் பற்றாது உழலும் ஒருவர் அதனை வீட்டாரிடங்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. பைத்தியமென்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம். வீட்டில் விவாகத்துக்குரிய பெண் இருப்பாளாயின் அவ்வச்சம் இருமடங்காகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் முதலிய சாதாரண மனோவியாதிகள் கண்டோரில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறவேயில்லையெனத் தெரியவந்தது. தேக வியாதி எதிலாவது இந்நிலை இருக்குமாயின் நாடு வாளாவிருக்குமா?

'தெரபி' என்று படித்தோர் வழங்கும் மனச் சிகிச்சை யாது? பயிற்சி பெற்ற ஒருவருடன், குறித்த காலத்தில், குறித்த நோக்கத்துடன் பேசி மனத்தின் நோயைத் தணித்துக்கொள்வதே அது. மயக்க மருந்தும் மந்திரமும் அதில் இல்லை. வியன்னா நகரில் 1880ஆம் ஆண்டில் ஜோசப் பிராயர் என்ற வைத்தியரிடம் வந்த ஓர் இளம்பெண், தன் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்லத் துன்பம் குறைவதைக் கண்டு, இதற்குப் பேச்சு வைத்தியமென்று தானே பெயரிட்டாள். (அப்பெண் அத்துடன் பூரண குணம் அடைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.) பிராயரும் பிராய்டும் 1895இல் அதனை நூலாக வெளியிட்டனர். பின்னர் 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்பவர் வேறொரு வழி கண்டார். 'நான் எதற்கும் உதவாதவன்' என்று ஒருவர் நினைப்பாராயின், அந்நினைப்புக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவரையே ஆராயச் செய்வது அம்முறை.

இது மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாது என்று கூறுவோர் உளர். கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922லேயே இந்திய மனப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார் என்பதையும், பிராய்டுடன் கடிதத்தொடர்பு கொண்டு, ஒவ்வாத இடத்தில் மறுத்துரைக்கவும் அவர் தயங்கவில்லை என்பதையும் அன்னோர் அறியார் போலும். வீட்டுப் பெரியோரும் நண்பரும் இருக்க அயலாரிடம் அழுவானேன் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மையில்லாமலில்லை, பரிவுடன் கேட்கும் ஒரு செவி பாதி மருந்தே. ஆயினும் மாமியாரால் மனம் நொந்த பெண் தன் குறையைக் கணவனிடம் சொன்னால் அவன் எப்பக்கம் நிற்பான்? வீட்டார் பெரும்பாலும் வழக்கில் ஒரு கட்சியினர். சிகிச்சை செய்பவருக்கோ அவ்வழக்கில் லாபநஷ்டம் இல்லை. கேட்ட செய்தியை வெளியிடாதிருத்தல் அவர் கடமை. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்ற சிலவே அதற்கு விலக்கு.

சிகிச்சை பலிக்குமா என்பதற்குக் கோவா நாட்டில் நடந்த ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். அங்கு சங்காத் என்ற ஸ்தாபனத்தார், மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதுமற்ற சாதாரண மக்களைத் தேர்ந்து பழக்கி, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினர். கடும் மனச்சோர்வுடன் வந்த 495 பேரில் ஒரு சாராருக்கு வழக்கமான வைத்தியத்துடன் 6 முதல் 8 முறை பேச்சுச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. மற்றவருக்கு வழக்கமான வைத்தியம் மட்டுமே. பேச்சுச் சிகிச்சையில் கையாண்ட முறையோ மிக எளியது. சோர்வுற்றவன் வேலையை விடுகிறான். விட்டதனால் மேலும் சோர்கிறான். இவ்வளையத்தை அறுக்க, அவன் கைவிட்ட சிறு காரியங்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்து, அதனால் மனநிலை எவ்வாறு மாறுகிறதென அவனையே கவனிக்கச் செய்தனர். மூன்று மாதங்களுக்குப் பின் பார்க்கையில், பேச்சுச் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 64 பேரும், பெறாதாரில் 39 பேரும் சோர்வு நீங்கியிருந்தனர். லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் 2017இல் வெளிவந்த முடிவு இது. 100க்கு 36 பேருக்கு அது போதவில்லை என்பதும் இதே கணக்கில் அடங்கியதே.

நமக்கு இது தேவையா என்று ஐயுறும் வாசகர்க்குச் சில குறிப்புகள். இழவு வீட்டின் துயரமும் பரீட்சைக்கு முந்திய நடுக்கமும் நோயல்ல. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலும் நாள் முழுதும் மனம் இருண்டிருக்குமாயின், முன்பு மகிழ்ச்சி தந்தவை தராதொழியுமாயின், உறக்கமோ தொழிலோ குடும்பமோ அதனால் கெடுமாயின், குடியில் ஆறுதல் தேடும் வழக்கம் வளருமாயின், ஒரு நிபுணரைக் கண்டு கேட்பதே அறிவுடைமை. இறந்துவிடலாமென்ற எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதித்தலாகாது. மத்திய சர்க்கார் 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் ஏற்பாட்டில் 14416 என்ற எண்ணுக்கு இரவு பகலாக இலவசமாய்ப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

எல்லாவற்றையும் பேச்சே தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. இல்லாத குரல் காதில் விழுவோருக்கும், அளவிறந்த உற்சாகமும் அளவிறந்த சோர்வும் மாறிமாறி வருவோருக்கும் மருந்து அவசியம். அவர்கள் மனநல வைத்தியரை நாடவேண்டும். தைராய்டுக் குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வின் வேஷத்தில் வருவதுண்டாதலால் தேகப் பரிசோதனையும் வேண்டும். அன்றியும், பலகை மாட்டிய ஒவ்வொருவரும் நிபுணராகார். சிகிச்சை உளவியலாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக்குறைவன்று.

சர்க்கார் செலவில் நடைபெறும் ஸ்தாபனங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொருவருக்கும் அளித்துள்ளது. கூலிவேலை செய்வோன் ஒரு நாள் ஊதியத்தை இழந்து, பஸ் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் சென்று காத்திருந்தால்தான் அவ்வுரிமை கைகூடுமெனில் அது ஏட்டளவில் நிற்கும். கோவாவில் பத்து நிலையங்களில் செய்து காட்டியதை இங்கே ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்வதற்குப் புதிய கட்டடங்கள் வேண்டுவதில்லை. பழக்கப்பட்ட ஓர் ஆளும், கதவுள்ள ஓர் அறையும், அந்த ஆளுக்கு மாதந்தவறாத சம்பளமும் வேண்டும். வரும் வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை நாம் கவனித்திருப்போம்.