அவசரம் ஆகாத மருந்து

சேர்வராயன் மலைக்கு அருகிலுள்ள பொம்மிடி போன்ற ஊர்களில் மழைக்காலம் தொடங்கிவிட்டால், காய்ச்சலை அஞ்சிப் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத தாய்மார் இரார். “எத்தனையோ நோய்களுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது, டெங்குவுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?” என்பது அவர்களின் நியாயமான கேள்வி.

கொசுவால் பரவும் வைரஸ்களுக்குத் தடுப்பூசி காண்பது இயலாத காரியமன்று. மஞ்சள் காய்ச்சலுக்கு 1937ஆம் ஆண்டிலேயே மாக்ஸ் தைலர் தடுப்பூசி கண்டார். 1951இல் நோபல் பரிசும் பெற்றார்.

நம் மாநிலத்துக்கு நெருக்கமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில்தான். இதற்கான பழைய தடுப்பூசி, எலியின் மூளையில் வைரஸை வளர்த்துச் செய்யப்பட்டது. கடுமையான பக்கவிளைவு பற்றிய ஐயம் எழுந்ததால், 2005இல் ஜப்பான் அதனைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. பின்னர் ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு புதிய தடுப்பூசிகள் வந்தன. கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸிலிருந்து உருவான இந்தியத் தடுப்பூசி 2013இல் வெளிவந்தது.

டெங்குவின் சிக்கல் வேறு. அதன் வைரஸ் நான்கு வகைப்படும். ஒரு வகைக்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள், பிறகு வேறொரு வகை தாக்கும்போது அதைத் தடுக்காமல், உயிரணுக்களுக்குள் நுழைய வழிகாட்டிவிடக்கூடும். ஆகவே நான்கையும் ஒருசேரத் தடுக்காத மருந்து நன்மைக்குப் பதிலாகத் தீமையும் செய்யலாம்.

பிலிப்பைன்ஸ் நாடு இதனை அனுபவித்து அறிந்தது. 2016இல் அங்குத் தொடங்கிய திட்டத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்கு வராதவர்களுக்கு, ஊசிக்குப்பின் அந்நோய் கடுமையாக வரக்கூடும் என 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. திட்டம் நின்றது. மக்களின் நம்பிக்கையும் சரிந்தது. மற்றத் தடுப்பூசிகளையும் பெற்றோர் பலர் ஐயுற்றனர். 2019இல் அங்குத் தட்டம்மை பெருகியது.

இந்தப் படிப்பினையால்தான், 2024 ஆகஸ்டில் ரோத்தக்கில் தொடங்கிய இந்திய டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஈராண்டுகள் கண்காணிக்குமாறு வகுக்கப்பட்டது. இத்தாமதம் அலட்சியமன்று; நம் மக்களைக் காக்கும் எச்சரிக்கையே.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. டெங்கு கொசு நம் வீட்டு நன்னீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாகச் சற்றேறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். குடங்களையும் தொட்டிகளையும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மூடுங்கள். இதற்குச் சோதனையும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.