முட்டைக் கூடையும் மோட்டார் வண்டியும்

பிரான்சு தேசத்துக் குடியானவர்கள் பலர் குதிரை வண்டியிலேயே சந்தைக்குச் சென்றுவந்த 1930களில், ஸித்ரோயன் மோட்டார் ஸ்தாபனத்தை நடத்திய பியேர் பூலாஞ்ஜே தம் நிபுணர்களுக்கு விநோதமானதோர் உத்தரவிட்டார். வண்டி 50 கிலோ சரக்கைச் சுமக்க வேண்டும். உழுத வயலின் குறுக்கே ஓட்டினும் கூடையிலுள்ள முட்டைகள் உடையலாகாது. அழகு அவருக்கு ஒரு பொருட்டன்று.

விளையாட்டுப் போல் தோன்றும் இந்நிபந்தனையே வண்டியின் அமைப்பை நிர்ணயித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரமும் பின்சக்கரமும், அடியில் படுக்கையாக வைத்த சுருள்விற்களால் இணைக்கப்பட்டன. முன்சக்கரம் மேட்டில் ஏறுங்கால் வண்டியின் பின்புறமும் சற்றே உயர்ந்து கொடுக்கும். ஆதலால் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடுவது பெரிதும் குறைந்தது. 375 கன சென்டிமீட்டர் யந்திரம் காற்றாலேயே குளிர்வதால் அதற்குத் தண்ணீர் வேண்டுவதில்லை. கூரையோ சுருட்டத்தக்க கித்தான்; உயரமான சரக்கை ஏற்றுதற்கு இதனினும் எளிய உபாயம் அரிது.

இரண்டாம் உலக யுத்தத்தால் தடைப்பட்ட அவ்வண்டி, 1948இல் பாரிஸ் கண்காட்சியில் '2 ஸி.வி.' என்னும் பெயருடன் வெளிவந்தபொழுது பத்திரிகையாளர் பலர் பரிகசித்தனர். வாங்க விரும்பியோரோ வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கிராம வைத்தியர்க்கும் குடியானவர்க்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. 1990இல் உற்பத்தி நிற்கும்வரை 38 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.