365ஆம் பிரிவை நீக்க சர்வசன வாக்கெடுப்பு தேவையா?

மன்னார்–பூநகரி வீதியில், மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள விடத்தல்தீவுக்கு வாக்கின் விலை தெரியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் ஊரை விட்டுப் போனார்கள். மன்னார் மாவட்ட வாக்காளர் இடாப்பில் பெயரைத் தக்கவைத்துக்கொண்ட பலர், புத்தளத்தில் இருந்துகொண்டே வாக்களிக்க பஸ் ஏறி வந்தார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று, அப்படி வந்த பஸ் தொடர் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

வாக்கு சிறுபான்மையினரின் காப்பு. ஆனால் அவர்களது உரிமைகளையே நாடு முழுவதும் வாக்கெடுப்புக்கு விடலாமா? தன்பாலின ஈர்ப்பாளர் விடயத்தில் 2023இல் இக்கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது.

வழக்கு என்ன?

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவின்படி, ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கூடினாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. 1995 திருத்தம் பெண்களையும் இதற்குள் இழுத்தது. இக்குற்றத்தை நீக்க பிரேம்நாத் சி. தொலவத்த எம்.பி. தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எதிர்ப்பாளர்கள் வழக்காடினர்.

அந்த வாதம் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 83ஆம் உறுப்புரை சில உறுப்புரைகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. பௌத்தத்துக்கு முதன்மை தரும் 9ஆம் உறுப்புரை அவற்றில் ஒன்று. இவற்றுக்கு முரணான சட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வேண்டும். சர்வசன வாக்கெடுப்பில் மக்களின் ஒப்புதலும் வேண்டும். எல்லோரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரை அந்தப் பூட்டுக்குள் இல்லை.

அப்போதைய பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான மூவர் குழாம், சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று முடிவு செய்தது. 2023 மே 9இல் சபாநாயகர் அதை அறிவித்தார். சாதாரணப் பெரும்பான்மை போதும். சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை.

வாக்கெடுப்பில் என்ன பிழை?

இலங்கை கண்ட ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22இல் நடந்தது. தேர்தல் நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டிக்க ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அனுமதி கேட்டார். யாழ்ப்பாணம் பெருவாரியாக மறுத்தது. நாடு சுமார் 55 வீதத்தால் ஒப்புக்கொண்டது. நாட்டின் கூட்டுத்தொகையில் வடக்கின் மறுப்பு எடுபடவில்லை.

வெளிநாடுகளில் தன்பாலினத் திருமண உரிமை வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோதும் முடிவு காலத்தைப் பொறுத்தே அமைந்தது. கலிபோர்னியாவில் நீதிமன்றம் தந்த தன்பாலினத் திருமண உரிமையை 2008இல் 52 வீத வாக்காளர் பறித்தனர். அயர்லாந்தில் 2015இல் 62 வீதத்தினர் அதே உரிமையை வழங்கினர். கலிபோர்னியா வாக்காளரும் 2024இல் பழைய முடிவை அரசியலமைப்பிலிருந்தே நீக்கினர். உரிமை இல்லாமல் கழிந்த ஆண்டுகள் அந்த இணையர்களின் ஆயுளில் போனவை.

அப்படியானால் நீதிமன்றமே நீக்கலாமே?

இலங்கையில் முடியாது. அரசியலமைப்புக்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது 16ஆம் உறுப்புரை. 365ஐக் காப்பது அதுதான். மணமகளின் கையொப்பத்தைக் கேட்காத 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைக் காப்பதும் அதுதான். சமத்துவம் கேட்கும் முஸ்லிம் பெண்களும் தன்பாலின ஈர்ப்பாளரும் நிற்பது ஒரே கதவுக்கு முன்னால். அதைத் திறக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திடம் இருக்கிறது.

365 போனால் தன்பாலினத் திருமணம் வந்துவிடுமா?

வராது. தொலவத்தவின் சட்டமூலம் திருமணத்தைத் தொடவில்லை. குற்றத்தை மட்டுமே நீக்க முயன்றது. திருமணத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2023 ஒக்டோபர் 17இல் திருமணத்தைச் சட்டமன்றங்களின் பொறுப்பில்தான் விட்டது.

வாக்காளருக்கு இதில் என்ன வேலை?

2024 செப்டம்பர் 24இல் பாராளுமன்றம் கலைந்ததோடு சட்டமூலமும் காலாவதியானது. மீண்டும் ஒன்று வந்தால், அது சபையில் கை உயர்த்தும் எம்.பி.க்களின் எண்ணிக்கையால் முடிவாகும். விடத்தல்தீவு அடங்கும் வன்னித் தேர்தல் மாவட்டம் ஆறு பேரை அனுப்புகிறது. ஒரு கட்சிக்கும் மூன்று விருப்பு இலக்கங்கள் வரைக்கும் புள்ளடி இடலாம். வீதி, வீடு, மீன்பிடி பற்றிக் கேட்கும்போது, 365க்கும் 1951 சட்டத்துக்கும் எந்தப் பக்கம் கை உயர்த்துவீர்கள் என்றும் வேட்பாளரிடம் கேட்கலாம். பதில் சொல்லாதவருக்கு விருப்பு வாக்குப் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.