உழைத்த நாளின் ஊதியமும் கொடுக்காத நோட்டீஸும்

மாதந்தோறும் ஊதியக் கணக்கில் சேரும் வரவு ஒரு மாதம் சேராவிட்டால், அதை விசாரிக்க வாடிக்கையாளர்கள் முதலில் வருவது வங்கிக் கிளைக்குத்தான். பல நேரங்களில் காரணம் வங்கியில் இருப்பதில்லை. தாராவியின் தையற்கூடத்திலோ, மாட்டுங்காவின் உணவகத்திலோ, செம்பூரின் அலுவலகத்திலோ பணிபுரிந்தவர், ஊரிலிருந்து வந்த அவசரச் செய்தியால் திருநெல்வேலிக்கு வண்டி ஏறியிருப்பார். அல்லது வேறு வேலை கிடைத்து உடனே சேர்ந்திருப்பார். "நோட்டீஸ் கொடுக்காமல் போனவருக்குச் சம்பளம் கிடையாது" என்று பழைய முதலாளி சொல்லியிருப்பார். தவறு தம்முடையதுதானே என்று எண்ணி, உழைத்த நாள்களின் ஊதியத்தைக் கேட்காமலே விட்டுவிடுவோர் உண்டு. அவ்வாறு விட்டுவிட வேண்டியதில்லை.

இரண்டு வெவ்வேறு கணக்குகள்

உழைத்த நாள்களுக்கான ஊதியம், முதலாளி தொழிலாளிக்குத் தரவேண்டிய கடன். முன்னறிவிப்பு தராததால் முதலாளிக்கு இழப்பு நேர்ந்திருந்தால், அது அவர் எழுப்பக்கூடிய வேறொரு கோரிக்கை. இரண்டாவது இருப்பதனால் முதலாவது அழிந்துவிடாது. மாத ஊதியம் ரூ.18,000 பெறும் ஒருவர் 30 நாள் கொண்ட மாதத்தில் 20 நாள் பணிபுரிந்து விலகினார் எனக் கொள்வோம். அவருக்குச் சேரவேண்டியது ரூ.12,000. உழைக்காத 10 நாளுக்கு அவர் எதுவும் கேட்க இயலாது. உழைத்த 20 நாளுக்குக் கேட்கலாம்.

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1859-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி இடையில் வேலையை விட்டு, மீண்டும் வேலைக்குச் செல்லுமாறு மாஜிஸ்திரேட் இட்ட ஆணையையும் மீறினால் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க முடிந்தது. அச்சட்டம் 1920-களின் நடுவில் நீக்கப்பட்டது. 1929-இல் விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் ஆணையம் 1931-இல் அறிக்கை அளித்தது. 1936-இல் ஊதியம் வழங்கல் சட்டம் பிறந்தது. எந்தெந்தக் காரணங்களுக்காக ஊதியத்தில் பிடித்தம் செய்யலாம் என்பதை அச்சட்டம் பட்டியலிட்டது; பட்டியலில் இல்லாத பிடித்தம் செல்லாது என்றாயிற்று.

இன்றைய சட்டம் சொல்வது

2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தில் மாதம் ரூ.24,000 என்றிருந்த வரம்பு இதில் இல்லை. பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமன்றி, தாமாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும். வராத நாள், பெற்ற முன்பணம் போன்றவற்றுக்குப் பிடித்தம் செய்யலாம். ஆயினும் மொத்தப் பிடித்தம் அந்த ஊதியக் காலத்து ஊதியத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது.

முன்னறிவிப்பின்மைக்காகப் பிடித்தம் செய்ய இத்தொகுப்பு வெளிப்படையாக இடந்தருவது ஒரு சூழலில்தான். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப்பேசி, தக்க காரணமின்றி ஒருசேர வேலைக்கு வராதபோது, ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை இருந்தால், எட்டு நாள் ஊதியத்துக்கு மேற்படாமல் பிடிக்கலாம்.

தனியொருவரின் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலத்துக்கு ஈடான தொகை குறிக்கப்பட்டிருந்தால், முதலாளி அதைக் கோரலாம். அங்கும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டையே அனுமதிக்கிறது. எனவே கையெழுத்திட்ட கடிதத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

வருங்கால வைப்பு நிதி தொழிலாளியின் பெயரில் உள்ள பணம். நோட்டீஸைக் காட்டி முதலாளி அதை நிறுத்திவைக்க முடியாது. தகுதியான பணிக்காலத்தை முடித்தவருக்குரிய பணிக்கொடையைப் பறிக்கச் சட்டம் குறிப்பிடும் காரணங்களிலும், அறிவிப்பின்றி விலகுவது இடம்பெறவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தாமதமாகவேனும் விலகல் கடிதம் அனுப்ப வேண்டும். கடைசியாகப் பணிபுரிந்த நாளை அதில் குறிப்பிட்டு, 'ஃபுல் அண்ட் ஃபைனல்' எனப்படும் இறுதிக் கணக்கை எழுத்தில் கேட்க வேண்டும். விரைவு அஞ்சலோ மின்னஞ்சலோ அனுப்பினால் சான்று நிற்கும். நிறுவனத்தின் அடையாள அட்டை, கருவிகள் கையில் இருந்தால் திருப்பித் தந்து ரசீது பெறுக.

இரண்டாவதாக, சான்றுகளைத் திரட்டுக. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தும் பயன்படும். முந்தைய மாதங்களில் ஊதியம் வங்கி வழியே வந்திருந்தால், கணக்கு அறிக்கையின் சான்றளித்த நகலைக் கிளையில் கேட்டுப் பெறலாம். 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி, அந்நகல் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். யார், எந்நாளில், எவ்வளவு ஊதியம் அளித்து வந்தார் என்பதை அதிலுள்ள ஒரு வரியே சொல்லிவிடும். ரொக்கமாக ஊதியம் பெற்றவரும் மனந்தளர வேண்டாம். ஊதியம் தரப்படவில்லை என்ற கோரிக்கை எழுந்தால், தந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது.

மூன்றாவதாக, பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையை அணுகுக. மகாராஷ்டிர மாநிலத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகமான காம்கார் பவன், தாராவிக்கு அண்டையிலேயே, பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ளது. தொழிலாளி தாமே விண்ணப்பிக்கலாம். அவர் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கமும் விண்ணப்பிக்கலாம். பழைய சட்டத்தில் 12 மாதமாக இருந்த காலவரம்பு, இப்போது மூன்றாண்டு. நிலுவையுடன், அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க உத்தரவிடவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

கணக்கையும் கவனியுங்கள்

ஊதியம் நின்ற மாதத்திலும் கடன் தவணை நிற்பதில்லை. இருப்பு போதாமல் தவணை திரும்பினால் கட்டணம் சேரும்; கடன் மதிப்பெண்ணும் குறையும். ஆகவே தவணை நாளுக்கு முன்பே கிளைக்கு வந்து நிலைமையைச் சொல்லுங்கள். தொடர்ந்து ஊதியம் வராத கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றப்படலாம். அப்போது குறைந்தபட்ச இருப்பு விதி பொருந்தலாம். பழைய நிறுவனத்திடமிருந்து நிலுவை வந்து சேரும்வரை அக்கணக்கை மூடிவிட வேண்டாம்.