பவுலின் பயணங்களுக்கு ஆண்டு கிடைத்த கதை

பவுல் எழுதிய கடிதம் எதிலும் தேதி கிடையாது. அவருடைய பயணங்களைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளும் ‘ஒன்றரை வருஷம்’, ‘இரண்டு வருஷம்’ என்று தங்கிய காலத்தைச் சொல்லுமே தவிர, எந்த ஆண்டு என்று சொல்லாது. இருந்தும் வேதாகம அகராதியைப் புரட்டினால் ‘கி.பி. 50, கொரிந்து’ என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு ஆதாரம், கிரேக்க நாட்டில் டெல்பியின் அப்பல்லோ கோயிலில் துண்டு துண்டாகக் கிடைத்த ஒரு கல்வெட்டு.

கல்லில் இருப்பது பேரரசர் கிளாடியஸின் கடிதம். அதில் கல்லியோன் பெயர் வருகிறது. இவர் தத்துவஞானி செனகாவின் அண்ணன், அகாயா மாகாணத்தின் அதிபதி. கொரிந்து யூதர்கள் பவுலை இழுத்துவந்து நிறுத்தியது இவருடைய நியாயாசனத்துக்கு முன்தான். வழக்கைக் காதில் போட்டுக்கொள்ளாமலே அனைவரையும் துரத்திவிட்டார்.

ரோமப் படை வெற்றி பெறும்போதெல்லாம் பேரரசரை வாழ்த்தி முழங்கும்; அது எத்தனையாவது முழக்கம் என்பதைப் பட்டப்பெயரோடு சேர்த்துப் பொறிப்பார்கள். டெல்பி கல்லில் 26. ரோம் நகரில் 52 ஆகஸ்ட் 1 அன்று திறந்துவைத்த கிளாடியஸ் நீர்க்கால்வாயின் கல்வெட்டில் 27. ஆகவே கடிதம் அதற்குச் சற்று முந்தியது. அதிபதிப் பதவி வழக்கமாக ஓராண்டுதான், கோடையில் ஆள் மாறும். கல்லியோன் 51 கோடையில் வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. அகாயாவில் காய்ச்சல் கண்டு அவர் கப்பலேறிவிட்டதாகச் செனகா எழுதியிருக்கிறார்; முழு ஆண்டும் இருந்தாரா என்பதே சந்தேகம்தான்.

இனி இங்கிருந்து பின்னோக்கி எண்ணலாம். பவுல் கொரிந்தில் ஒன்றரை வருஷம் இருந்தார் என்றால், 49 கடைசியிலோ 50 தொடக்கத்திலோ வந்திருப்பார். அங்கே அவர் சந்தித்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதி, யூதர்களைக் கிளாடியஸ் ரோமிலிருந்து வெளியேற்றியதால் புதிதாக வந்தவர்கள். ஐந்தாம் நூற்றாண்டின் ஒரோசியஸ் அந்த வெளியேற்றத்தை 49-இல் வைக்கிறார். இரண்டும் பொருந்துகின்றன.

அதற்கு முந்திய காலம்தான் சிக்கல். மனமாற்றத்துக்குப்பின் மூன்று வருஷம் சென்று எருசலேமுக்குப் போனேன், பதினாலு வருஷம் சென்று மறுபடியும் போனேன் என்று கலாத்தியருக்குப் பவுலே எழுதுகிறார். அந்தப் பதினாலுக்குள் மூன்று அடக்கமா, தனியா? தனி என்றால் 17 ஆகிவிடும். இரண்டாவது போனது எருசலேம் சங்கத்துக்கு என்று கொண்டு, அதை 48 வாக்கில் வைத்தால் மனமாற்றம் 31-க்குப் போகும். சிலுவை மரணம் 33-இல் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் அக்காலத்தார் அரைகுறை ஆண்டையும் ஓர் ஆண்டாகவே எண்ணியதால், ஓரிரு வருஷம் குறைய இடமுண்டு. தமஸ்குவில் அரேத்தா ராஜாவின் அதிகாரிக்குத் தப்பிக் கூடையில் இறங்கியது மட்டும் 40-க்குப் பின் இருக்க முடியாது. அரேத்தா ஏறக்குறைய அந்த ஆண்டில் இறந்துவிட்டார்.

முன்னோக்கிப் போவது சுலபம். எபேசுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டு, எருசலேமில் கைது, செசரியாவில் இரண்டு ஆண்டு சிறை, அங்கே அதிபதி பேலிக்ஸ் போய் பெஸ்து வந்தது 59 வாக்கில். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் ஒதுங்கி, 60-இல் ரோம். அங்கே வாடகை வீட்டில் இரண்டு ஆண்டு என்பதோடு நடபடிகள் நின்றுவிடுகிறது. நீரோ காலத்தில் கொல்லப்பட்டார் என்பது சபை மரபு.

கடிதங்களுக்கு வருவோம். அவர் பெயரில் உள்ள 13-ஐயும் புதிய ஏற்பாடு கால வரிசையில் அடுக்கவில்லை. சபைகளுக்கு எழுதியவை முன், தனி ஆட்களுக்கு எழுதியவை பின், அதற்குள் பெரும்பாலும் நீளமானது முதலில். முதலாவது நிற்கும் ரோமர், 57-ஐ ஒட்டிக் கொரிந்திலிருந்து எழுதியது. 1 தெசலோனிக்கேயர் அதற்கு ஆறேழு ஆண்டு மூத்தது, அதுவும் கொரிந்தில்தான். 13-இல் ஏழு கடிதங்களை மட்டுமே அவரே எழுதியவை என்று ஆய்வாளர்கள் தயக்கமின்றி ஒப்புகிறார்கள்.

கலாத்தியரைத்தான் எங்கே வைப்பதென்று இன்னும் தகராறு. முதல் பயணத்தில் போன லீஸ்திரா, தெர்பை பக்கத்துச் சபைகளுக்கு என்றால் 48, 49-இல் எழுதி, எல்லாவற்றுக்கும் மூத்ததாகவும் இருக்கலாம். வடக்கே குடியிருந்த கலாத்திய இனத்தாருக்கு என்றால் 50-களின் நடுவுக்குத் தள்ள வேண்டியதுதான்.